சுக்கான் கயிறு அறுந்தால்: ஆபத்து, ஆதாரம், இழப்பீடு

மீன்பிடிக் கயாக்கில் சுக்கானைத் திருப்புவது இரண்டே கயிறுகள். உட்கார்ந்திருப்பவரின் இடக்கால் மிதியிலிருந்து ஒன்று, வலக்கால் மிதியிலிருந்து ஒன்று. படகுக்குள் பதித்த மெல்லிய குழாய்கள் வழியாகப் பின்கோடி வரை ஓடி, இரண்டும் சுக்கானின் தலையில் முடிகின்றன. தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். படகு வாங்கும்போது நீளத்தைக் கேட்போம், எடையைக் கேட்போம், எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்போம். இந்தக் கயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் அது அறுந்துவிட்டால், படகு ஒரு பக்கமாக வளைந்து வளைந்து கரையை விட்டு விலகிப் போகும்.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீர் புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தைச் சுற்றியும், வடக்கே தூத்துக்குடி, தருவைகுளம், வேம்பார் வரையிலும், தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு வரையிலும் தொழில் செய்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் வள்ளமும் பைபர் படகும்தான். கயாக்கைத் தூண்டில் போடும் ஆர்வலர்களே அதிகம் வாங்குகிறார்கள். படகு எதுவானாலும் பழுது ஒன்றுதான். சக்கரம் வைத்த வள்ளத்தில் ஸ்டியரிங் ஒயர் கப்பிகளைச் சுற்றிச் சுக்கானுக்குப் போகிறது. கயாக்கில் அதே வேலையைக் கால்மிதிக் கயிறு செய்கிறது. இரண்டையும் உப்பு ஒரே விதமாகத்தான் தின்கிறது.

இந்தச் சின்னப் பழுதைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கயிறு அறுந்து ஏதாவது நடந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனத்திடம் போனாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், எல்லை தாண்டி அயல்நாட்டு நீதிமன்றத்தில் நின்றாலும், முன்னால் வைக்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பழுது இருப்பது உங்களுக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? பழுதை ஒழுங்காகப் பார்த்திருப்பவர்களிடம்கூட இதற்குப் பதில் காகிதத்தில் இருப்பதில்லை. நம் கடற்கரையில் உரிமைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைநழுவுகின்றன.

உள்ளே இருந்து வரும் கேடு

கயிறாக ஓடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒயர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கைதான் முதல் ஆபத்து. அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். காற்றிலோ ஓடும் நீரிலோ உள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்தை ஓயாமல் புதுப்பிக்கிறது. குழாய்க்குள் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. படலம் உடைந்த இடம் புதுப்பிக்கப்படாமல் நிற்க, அங்கே குழி விழுகிறது. கடலுக்கு என்று சொல்லப்படும் 316 ரகம் 304 ரகத்தைவிட நெடுநாள் தாங்கும், அவ்வளவுதான். கேடு குழாய்க்குள் இருப்பதால், வெளியே தெரியும் ஒயர் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

இரண்டாவது, வளைவு. மிதியருகிலும் குழாயின் வாயிலும் சுக்கான் தலையிலும் ஒயர் வளைந்து வளைந்து நிமிர்கிறது. ஒவ்வோர் இழையாக அறும். அறுந்த இழை முள்ளாக நிமிர்ந்து நிற்கும். பழைய துணியால் ஒயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி ஓரிடத்தில் மாட்டினாலே போதும், அந்த ஒயர் மறுபடி கடலுக்குப் போகக்கூடாது. வெறுங்கையால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். உப்பேறிய இழை விரலில் ஏறினால் புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மூன்றாவது, முடிச்சும் அழுத்துக் குழலும். ஒயரின் முனையை மடக்கி நெரித்துப் பிடிக்கும் அந்தச் சிறு குழல் அலுமினியமாக இருந்தால், உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம்தான் முதலில் கரையும். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் பாட்டரி போல வேலை நடக்கும். எளிதில் அரிக்கப்படும் உலோகம் இரையாகும். தகரப் பூச்சு கொடுத்த செம்புக் குழலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பலரும் ஒயருக்குப் பதிலாக டைனீமா என்ற பெயரில் விற்கும் இழைக்கயிற்றைப் போடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். அது துருப்பிடிக்காது, தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் நீளாது. ஆனால் வழுவழுப்பானது. நைலானில் காலங்காலமாக நம் கை போட்டுப் பழகிய முடிச்சு இதில் பாரம் ஏற ஏற நழுவும். கயிற்றை அதற்குள்ளேயே கோத்துப் பின்னி முடிப்பது சிறந்தது. அது தெரியாதவர்கள் முடிச்சுக்கு அப்பால் நீளமாக வால் விட்டு, அதில் இன்னொரு தடுப்பு முடிச்சும் போட வேண்டும். வலைக்கடையில் கிடைக்கும் நைலான் கயிற்றை அவசரத்துக்குப் போட்டால், நனைந்ததும் நீண்டு மிதி தொய்ந்துவிடும். கால் முழுக்க அழுத்தியும் சுக்கான் பாதிதான் திரும்பும்.

பழைய கயிற்றை உருவும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதன் முனையில் புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு இழுத்தால், பழையது வெளியே வரும்போது புதியது தானே குழாய்க்குள் நுழைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மறந்து பழையதை உருவிவிட்டு, பாதி நாள் குழாயோடு போராடுபவர்கள் உண்டு. ஒரு பக்கம்தான் அறுந்தது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாள் உப்பைத் தின்றவை. மிதிகள் இரண்டையும் சமமாக நிறுத்தி, சுக்கானை நேராக வைத்து, அதன் பிறகே முடிச்சு. இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் முடிச்சுகள் இறுகிக் கயிறு சற்றுத் தளரும். மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஆழத்துக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும் குழாய்க்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் இதில் மிகவும் மலிவான பராமரிப்பு.

பழைய கயிற்றை எறிந்துவிடாதீர்கள். அறுந்த முனை தெரியும்படி படம் எடுத்து, தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடலில் அறுந்தால்

தூத்துக்குடிக் கரை கிழக்கைப் பார்த்தது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வீசும் மேல்காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரத்தில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகத் தெரியும், ஏனெனில் அலை எழ அங்கே இடமில்லை. உள்ளே போகப் போகத்தான் அதன் வேகம் புரியும். தனியாகக் கயாக்கில் போகும் ஆர்வலர்கள் ஏமாறுவது இந்த மாதங்களில்தான்.

ஒரு கயிறு அறுந்ததும் மற்றக் கயிறு சுக்கானை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படகு வட்டமடிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் சுக்கானை முழுதாக மேலே தூக்கிக் கட்டிவிட்டுத் துடுப்பாலேயே திசை திருப்புங்கள். தூக்கும் கயிறும் போயிருந்தால், தண்ணீரில் இறங்கிச் சரிசெய்யும் ஆசை வரும். உடன் இன்னொரு படகு இல்லாதபோது அதைச் செய்யவே கூடாது. ஆளில்லாத கயாக்கைக் காற்று அடித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. உயிர்காப்பு மேலங்கி படகில் கிடந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும்.

செல்போனுக்குச் சிக்னல் இருக்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வி.எச்.எப். கருவி இருந்தால் 16ஆம் சேனல். ஆபத்து முற்றட்டும் என்று காத்திருப்பதும், சின்னப் பழுதுக்குக் கூப்பிட்டால் திட்டுவார்களோ என்று தயங்குவதும் நம்மிடையே இருக்கிற பெரிய தவறு. கடலில் உயிர் மீட்பது அவர்கள் கடமை. அதற்குக் கட்டணமும் கிடையாது. அழைத்த நேரம் பதிவாகும் என்பது இன்னொரு பயன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் காரியச்சல்லியும் அவற்றில் சேரும். அனுமதியின்றிக் கால் வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் திசையிழந்த படகு உயிருக்கு அஞ்சி ஒதுங்குவது வேறு. குற்ற நோக்கமின்றி, பெரிய தீங்கைத் தவிர்க்கச் செய்த செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஒதுங்கியதும் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட வேண்டும், பவளப்பாறை மேல் நங்கூரம் போடக்கூடாது.

எஞ்சின் படகுகளுக்கு இன்னொரு கோடு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இந்திய – இலங்கைக் கடல் எல்லை 1976 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது. தண்ணீரில் அது தெரியாது, காற்றுக்கும் தெரியாது. 2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. செப்டம்பரில் அவர்களில் 12 பேருக்கு ஆளுக்கு 3.5 கோடி இலங்கை ரூபாய் அபராதம் என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சுக்கான் பழுதால் வந்த வழக்கு அல்ல. ஆனால் எல்லை தாண்டிய படகுக்கு அபராதம் எந்த அளவுக்குப் போகும் என்பதைக் காட்டுகிறது. பழுதால் அடித்துச் செல்லப்படும் படகு வலையை உடனே ஏற்றிச் சுருட்டி வைத்துவிட வேண்டும், எல்லையை நெருங்கும் முன்பே இந்தியப் பக்கம் தகவல் சொல்லிவிட வேண்டும். ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு, பிற நாட்டுக் கரைக்கடலைக் கடந்து செல்லும் கப்பல் ஆபத்தின் காரணமாக நிற்க நேர்ந்தால் அதை ஏற்கிறது. 73ஆவது பிரிவு, கரைக்கடலுக்கு வெளியே உள்ள பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்கு, இரு நாட்டுக்கும் தனி உடன்பாடு இல்லாத நிலையில், சிறைத்தண்டனை கூடாது என்கிறது. கரைக்கடலில், அதாவது 12 கடல்மைலுக்குள், அந்தப் பாதுகாப்பு இல்லை. பிடிபட்டால் இந்தியத் தூதரக அதிகாரியைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். அந்த நேரத்தில் கரைக்கு அழைத்த அழைப்பும் அறுந்த ஒயரும்தான் உங்கள் பக்கம் பேசும்.

திரும்பி வராதவர்களின் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு ஆண்டு காணாதவரையே இறந்தவராகச் சட்டம் அனுமானிக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு, அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல் காணாமல்போன மீனவர் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது பெரும் பேரிடருக்கான தனி ஏற்பாடு. ஒற்றைப் படகு காணாமல் போனால் அப்படி ஓர் ஆணை தானாக வராது. அதனால் முதல் நாளே கடலோரக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். படகின் பதிவெண், கிளம்பிய நேரம், உள்ளே இருந்தவர்களின் அடையாள அட்டை விவரம் மூன்றும் வீட்டில் ஒருவரிடம் எப்போதும் இருக்க வேண்டும்.

காகிதம் என்ன செய்யும்

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். இது ஆளுக்கான காப்பீடு. படகுக்குத் தனியாக எடுத்தால்தான் உண்டு. அங்கேதான் முன்னே சொன்ன கேள்வி வருகிறது. கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963இன் 41ஆவது பிரிவின்படி, கால அளவுக்கு எடுத்த பாலிசியில், கடலுக்குத் தகுதியற்ற நிலையில் உள்ள படகை உரிமையாளர் தெரிந்தே அனுப்பியிருந்தால், அந்தக் குறையால் வந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. தெரிந்தே என்ற சொல்தான் இதில் உயிர்நாடி. ஒயரை மாற்றிய ரசீது, மாற்றிய பின் எடுத்த படம், பணம் அனுப்பிய பதிவு, இவை இருந்தால் உரிமையாளர் அலட்சியமாக இருந்தார் என்று வாதிடுவது கடினம். நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதம் பார்த்து, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். பணம் செலவில்லை. மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

படகு கடலுக்கு மட்டும் போவதில்லை என்பதை ஸ்ரீவைகுண்டத்தார் அறிவார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பெருகியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. சாலைகள் அறுந்த ஊர்களுக்குள் மீனவர்களின் படகுகளும் மீட்புக்கு வந்தன. வெள்ளத்தில் முள்வேலி, மின்கம்பி, மதில், மிதந்து வரும் மரம் என்று சுக்கானையும் ஒயரையும் பிய்க்க ஆயிரம் பொருள்கள் நீருக்கடியில் கிடக்கும். அப்படிப் போய் உதவியவரின் படகு சேதமானால் யார் கொடுப்பது? பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 65ஆவது பிரிவு, மீட்புப் பணிக்கு வாகனங்களை எழுத்து மூலமான ஆணையால் கையகப்படுத்த மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மாவட்ட ஆட்சியர்தான் அதன் தலைவர். 66ஆவது பிரிவு அதற்கு இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது. தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் விண்ணப்பித்து நடுவரிடம் அனுப்பக் கேட்கலாம். வாய்ச்சொல்லாக அழைத்த அழைப்புக்கு இந்தப் பிரிவைக் காட்டுவது கடினம். உயிர் போகும் நேரத்தில் ஆணை வரட்டும் என்று நிற்கச் சொல்லவில்லை; நம் மீனவர் நிற்கவும் மாட்டார்கள். கூப்பிட்ட அதிகாரியின் பெயர், நேரம், இடம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதியே சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் கீழ் இலவச வழக்கறிஞருக்குப் போதுமானது. எண் 15100.

இனி விற்றவரும் பழுதுபார்த்தவரும். புதுக் கயாக்கின் கயிறு சில வாரத்திலேயே அறுந்தால் அது பொருளின் குறைபாடு. கூலி வாங்கிக்கொண்டு மாற்றிய ஒயர் முதல் ஓட்டத்திலேயே நழுவினால் சேவைக் குறைபாடு. இரண்டுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும். "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கத்திலிருந்து சட்டமே விலக்கிவைக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிரான லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம் இதை விளக்கியது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோரே; உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. இரண்டு பங்காளிகளோடு தானே கடலுக்குப் போகும் வள்ளக்காரருக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. பத்துப் படகு வைத்துக் கூலிக்கு ஆள் அனுப்பும் முதலாளிக்குப் பொருந்தாது.

விதிப்படி பில் தர மறுப்பதை இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் அண்ணாச்சியிடம் பில் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும், நம்பிக்கையில்லையா என்பார். நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் கேட்பான் அண்ணாச்சி என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. துண்டுச் சீட்டில் தேதி, படகின் பதிவெண், மாற்றிய பொருள், தொகை, கையெழுத்து இருந்தால் போதும். இறக்குமதியான கயிறோ மிதியோ பெட்டியில் வந்தால், இறக்குமதியாளர் பெயர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: விபத்து நேரத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. உத்தரவாதக் காலத்தில் நீங்களே வேறு கயிறு போட்டுவிட்டால் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அதனால் உத்தரவாதம் இருக்கும்வரை முதலில் எழுதிக் கேளுங்கள், அவர்கள் மறுத்ததையோ பதில் தராததையோ சேமித்துவிட்டு மாற்றுங்கள்.

முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கடைக்காரர் பலரும் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவார்கள். வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. படகு சென்னையிலோ கொச்சியிலோ வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில், அதாவது தூத்துக்குடியிலேயே, புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளைச் சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். பையில் போட்டு வைக்கச் சொன்ன அந்த அறுந்த கயிறு அப்போது தேவைப்படும். அது இல்லாவிட்டால் சோதிக்க ஆணையத்திடம் ஒன்றும் இருக்காது. குறை வெளிப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போயாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.